ஆதாமின் குற்றம் குழந்தையின் கணக்கில் ஏறுமா?

கேள்வி இது: "ஆதாம் செய்த மீறுதலுக்கு நேற்றுப் பிறந்த குழந்தை எப்படிக் குற்றவாளி ஆகும்? கிறிஸ்துவின் நீதி என் பேரில் எழுதப்படுகிறது, அதனால் நான் நீதிமான் என்கிறார்கள். உள்ளே ஒன்றும் மாறாமல் அப்படி எழுதினால் அது பொய்க் கணக்கு ஆகாதா? இவற்றை ஏற்காவிட்டால் நான் விசுவாசத்தை விட்டவனா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. நீங்கள் சந்தேகப்படும் இரண்டு போதனைகளும் ஒரே கையால் எழுதப்பட்டவை அல்ல. பிறப்பிலேயே குற்றம் என்ற கருத்துக்கு முழு வடிவம் கொடுத்தவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரப் பேராயர் அகுஸ்தீன் (354–430). நீதிமன்றத் தீர்ப்பாக மட்டும் நீதிமானாக்கப்படுதலை விளக்கும் முறை, 1530களில் விட்டன்பர்க்கில் லூத்தரின் சக ஊழியர் மெலாங்க்தனின் எழுத்துகளில் தெளிவாகிறது. நடுவே 1,100 ஆண்டுகள். அகுஸ்தீனுக்கு நீதிமானாக்கப்படுதல் என்றால் உண்மையிலேயே நீதியுள்ளவனாக மாற்றப்படுதல்தான். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி "இதுதான் சுவிசேஷம்" என்று கொடுக்கும்போது, பிரித்துப் பார்ப்பதே அவிசுவாசம் போலத் தோன்றிவிடுகிறது. பிரித்தே பார்ப்போம்.

ஆதிபாவம் என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று விஷயங்கள் அடைந்து கிடக்கின்றன. மரணம் எல்லாருக்கும் வந்தது என்பது ஒன்று. மனிதன் தீமைப் பக்கம் சாய்ந்தவனாகவே வளர்கிறான் என்பது இன்னொன்று. ஆதாமின் செயலுக்கான குற்றப்பொறுப்பே, தண்டனைக்குரிய அளவில், ஒவ்வொரு குழந்தையின் மேலும் இருக்கிறது என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் கிழக்குத் திருச்சபை, கத்தோலிக்கர், லூத்தரன், கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபை என ஏறக்குறைய எல்லாரும் ஏற்கிறார்கள். சண்டை மூன்றாவதில்தான். பெரும்பாலான வாக்குவாதங்கள் குழம்புவதற்குக் காரணம், ஒருவர் மூன்றாவதைக் கேள்வி கேட்க, மற்றவர் இரண்டாவதற்கு வசனம் காட்டுவது. "சிறுவயது தொடங்கி மனுஷனுடைய இருதயத்தின் நினைவுகள் பொல்லாதவை" என்ற ஆதியாகமம் 8:21 சாய்வைப் பற்றிப் பேசுகிறது. ஆதாமின் குற்றம் கைமாறுவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

தமிழ்க் கத்தோலிக்க ஞானோபதேசத்தில் ஜென்மபாவம், கர்மபாவம் என்று பிரிப்பார்கள்: பிறப்போடு வந்தது, தானே செய்தது. முதலாவதை ஊழ்வினையோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்த ஒப்பீடு பொருந்தாது. வினைக் கொள்கையில் போன பிறவியிலாவது செய்தவன் நான்தான். இங்கே செய்தவன் வேறு ஆள். சிக்கலின் முனையே அதுதான்.

இனி மூல வசனத்துக்கு வருவோம். ரோமர் 5:12இன் கடைசிப் பகுதியில் கிரேக்கத்தில் 'எஃப் ஹோ' என்று இருக்கிறது. "ஏனெனில்", "செய்தபடியால்" என்ற அளவில் காரணம் காட்டும் தொடர் அது. 2 கொரிந்தியர் 5:4இலும் பவுல் அதை அப்படியே ஆளுகிறார். பழைய லத்தீன் மொழிபெயர்ப்பு இதை 'இன் குவோ' என்று ஆக்கியது. அதற்கு "அவனுக்குள்" என்று பொருள் கொள்ளலாம். அகுஸ்தீன் அப்படித்தான் கொண்டார்: எல்லாரும் ஆதாமுக்குள் பாவம் செய்தார்கள், ஆகவே எல்லாரும் அந்தச் செயலுக்கே பொறுப்பாளிகள். தமக்கு முன் இதே லத்தீனைப் படித்து விளக்கிய உரையாசிரியர் ஒருவரையும் துணைக்கு அழைத்தார். 16ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் எராஸ்முஸ் கிரேக்கத்தை எடுத்துவைத்து இந்த வாசிப்பைக் கேள்வி கேட்டார். ஆனாலும் 1546 ஜூன் 17 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் ஆதிபாவம் பற்றிய ஆணையில் லத்தீன் வடிவத்தையே மேற்கோள் காட்டியது. 1979இல் ரோம் வெளியிட்ட புதிய லத்தீன் பதிப்பு 'இன் குவோ'வை விட்டுவிட்டு, "எல்லாரும் பாவம் செய்ததால்" என்ற பொருள்படும் தொடரைப் போட்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தையே திறந்து பாருங்கள்: "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால், மரணம் எல்லாருக்கும் வந்ததுபோலவும்" என்று இருக்கும். "அவனுக்குள்" என்ற சொல் அங்கே கிடையாது. தமிழில் இந்த வசனத்தைப் படிக்கும் ஒருவருக்கு, அகுஸ்தீன் அதிலிருந்து எடுத்த முடிவு கண்ணில் படவே படாது. போதகர் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தால்தான் உண்டு.

இத்தோடு முடிந்தது என்று சொன்னால் அது நேர்மை ஆகாது. மறுபக்கத்தின் வலுவான வாதம் அடுத்த இரண்டு வசனங்களில் இருக்கிறது. 13, 14இல் பவுல் சொல்கிறார்: நியாயப்பிரமாணம் இல்லாத காலத்தில் பாவம் எண்ணப்படாது, ஆனாலும் ஆதாம் முதல் மோசே வரை மரணம் ஆண்டது, ஆதாமைப் போல் கட்டளை மீறாதவர்களையும் ஆண்டது. அப்படியானால் அவர்கள் செத்தது எந்தப் பாவத்துக்காக? ஆதாமுடைய பாவத்துக்காகத்தான், ஏனென்றால் அவன் அவர்களுடைய பிரதிநிதி. இது சீர்திருத்தச் சபையினரின் பதில். 1646இல் இங்கிலாந்தில் முடிக்கப்பட்ட அவர்களுடைய வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை இதை விசுவாசப் பிரமாணமாகவே எழுதி வைத்திருக்கிறது. வாதம் கூர்மையானதுதான். ஆனால் பவுல் "ஆண்டது" என்று சொல்வது மரணத்தை. நாடு கடத்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த பிள்ளையும் நாடற்றதாகத்தான் பிறக்கிறது. அதனால் அந்தப் பிள்ளை குற்றம் செய்ததாக யாரும் சொல்வதில்லை. ஆதியாகமம் 3இன் தீர்ப்பும் அதுதான்: மண்ணுக்குத் திரும்புவாய், தோட்டத்துக்கு வெளியே போ. சாபம் என்ற சொல் அந்த அதிகாரத்தில் பாம்புக்கும் பூமிக்கும்தான் வருகிறது. பாவம் என்ற சொல் அங்கே வருவதேயில்லை. அது முதன்முதலில் வருவது 4:7இல், காயீனிடம். அங்கேயும் அது வாசற்படியில் படுத்துக் காத்திருக்கிறது, அவன் அதை ஆளவேண்டும் என்றே சொல்லப்படுகிறது.

5:18, 19தான் எனக்கு முடிவானதாகப் படுகிறது. பவுல் இரண்டு தட்டுகளைச் சமமாகப் பிடிக்கிறார்: ஒரே மீறுதலால் எல்லா மனுஷருக்கும் ஆக்கினை, ஒரே நீதியால் எல்லா மனுஷருக்கும் ஜீவன். இடது தட்டில் "நீ ஒன்றும் செய்யாமலே குற்றம் உன்மேல் ஏறிவிட்டது" என்று வைத்தால், வலது தட்டிலும் "நீ ஒன்றும் செய்யாமலே, நம்பாமலே, ஜீவன் உன்மேல் ஏறிவிட்டது" என்றுதான் வைக்க வேண்டும். அப்போது எல்லாரும் இரட்சிக்கப்பட்டாயிற்று. இதை அந்தப் போதகர்கள் ஏற்க மாட்டார்கள். வலதுபக்கம் விசுவாசத்தால் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பார்கள். 17ஆம் வசனத்தில் "பெறுகிறவர்கள்" என்று பவுலே சொல்வதால் அது சரிதான். அப்படியானால் இடதுபக்கத்துக்கும் அதே அளவுகோல்: ஆதாமின் வழியில் தானும் பாவம் செய்து சேர்ந்துகொள்ளுதல். 12ஆம் வசனத்தின் "பாவஞ்செய்தபடியால்" அங்கே அச்சாணிபோலப் பொருந்துகிறது.

பவுலின் காலத்தை ஒட்டிய யூத எழுத்துகளிலும் இந்த இழுபறி தெரிகிறது. எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிந்த பிறகு எழுந்த இரண்டு நூல்களில் ஒன்று, எஸ்றாவின் நான்காம் நூல், "ஆதாமே, என்ன செய்தாய்! விழுந்தது நீ மட்டும் அல்ல, நாங்களும்" என்று அழுகிறது. மற்றது, பாரூக்கின் இரண்டாம் நூல், நம்மில் ஒவ்வொருவனும் தன் ஆத்துமாவுக்குத் தானே ஆதாம் ஆனான் என்கிறது. விளைவு எல்லாருக்கும், பொறுப்பு அவரவருக்கு. பழைய ஏற்பாட்டிலும் இதே இரண்டு குரல்கள் உண்டு, அதுவும் ஒரே பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில். புலம்பல் 5:7 "எங்கள் பிதாக்கள் பாவஞ்செய்து மாண்டுபோனார்கள், நாங்கள் அவர்களுடைய அக்கிரமங்களைச் சுமக்கிறோம்" என்கிறது. எசேக்கியேல் 18 முழு அதிகாரமும், பிதாக்கள் திராட்சக்காய் தின்றால் பிள்ளைகளின் பல் கூசும் என்ற பழமொழியை இனி இஸ்ரவேலில் சொல்லவே கூடாது என்று தடுக்கிறது: "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை." இரண்டும் முரண் அல்ல. தகப்பன் செய்ததன் பாரம் பிள்ளையின் வாழ்க்கைமேல் விழும். தகப்பனின் குற்றத்துக்காகப் பிள்ளைமேல் தீர்ப்பு விழாது. உபாகமம் 24:16 இதை மனித நீதிமன்றத்துக்கே சட்டமாகப் போடுகிறது. மனித நீதிபதிக்குக் கர்த்தர் தடை செய்ததைத் தாமே செய்வார் என்று சொல்வதானால், அதற்கு மிகத் தெளிவான வசனம் வேண்டும்.

"என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்" என்ற சங்கீதம் 51:5 அந்த வசனமா? பாடல் தாவீதின் புலம்பல், தன் பாவத்தின் ஆழத்தைச் சொல்லும் மிகை. எழுத்துக்கு எழுத்து எடுத்தால் சங்கீதம் 58:3இல் துன்மார்க்கர் தாயின் வயிற்றிலிருந்தே பொய் சொல்கிறார்கள். யோபு 31:18இல் யோபு தாயின் கர்ப்பத்திலிருந்து பிறந்தது முதல் விதவையை வழிநடத்தினான். கைக்குழந்தை விதவைக்கு வழிகாட்டியது என்று யாரும் போதிப்பதில்லை. ஒரே வகைப் பேச்சை ஓரிடத்தில் கவிதையாகவும் இன்னோரிடத்தில் சட்டப் பிரிவாகவும் படிப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. எபேசியர் 2:3இன் "சுபாவத்தினாலே கோபாக்கினையின் பிள்ளைகள்" கொஞ்சம் கனமானது. ஆனால் அந்த வாக்கியமே "மாம்சமும் மனசும் விரும்பினவைகளைச் செய்து" நடந்தோம் என்று தொடங்குகிறது.

அகுஸ்தீன் இதைத் தாமாகக் கற்பித்துக்கொண்டார் என்று சொல்வோரும் உண்டு. அதுவும் சரியல்ல. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே கார்த்தேஜின் சிப்ரியான், குழந்தைக்கு மன்னிக்கப்படுவது அதன் சொந்தப் பாவம் அல்ல, பிறருடைய பாவம் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதே ஊரில் அவருக்கும் முந்திய தெர்த்துல்லியான், மாசற்ற பருவம் பாவமன்னிப்புக்கு ஏன் அவசரப்பட வேண்டும் என்று கேட்டு, குழந்தைகளின் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடச் சொன்னார். ஒரே நகரம், இரண்டு கருத்து. பிறகு, மனித சித்தத்தின் வலிமையை வற்புறுத்திய துறவி பெலாகியுஸின் விவகாரம் வந்தது: 415இல் பாலஸ்தீனத்தில் தியோஸ்போலிஸ் சங்கம் பெலாகியுஸை விடுவித்தது, 418இல் கார்த்தேஜ் சங்கம் அவர் போதனையைக் கண்டித்தது, முதலில் தயங்கிய ரோமாபுரிப் பேராயர் சோசிமுஸ் அதே ஆண்டில் கண்டன மடல் அனுப்பினார். இத்தாலியப் பேராயர்கள் பதினெட்டுப் பேர் அதில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். அவர்களில் ஒருவரான எக்லானும் நகர ஜூலியான், கடவுள் படைத்த இயல்பில், கடவுள் ஆசீர்வதித்த மணவாழ்வில், குற்றம் எப்படிப் பிறக்கும் என்று அகுஸ்தீனைச் சாகும்வரை விடாமல் கேட்டார். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைக்கு ஆக்கினை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் மென்மையானது என்பதே அகுஸ்தீன் வந்து சேர்ந்த முடிவு. அந்த "மென்மையானது" என்ற சொல், வாதத்தின் தர்க்கம் தன் மனசாட்சியோடு மோதியதை அவரே உணர்ந்ததன் அடையாளம் என்று நினைக்கிறேன்.

இன்று கத்தோலிக்க மறைக்கல்வி (1992) 404, 405ஆம் பத்திகளில் என்ன சொல்கிறது என்று பாருங்கள்: ஆதிபாவம் ஒப்புமைப் பொருளில்தான் பாவம் எனப்படுகிறது, அது பெறப்பட்டது, செய்யப்பட்டது அல்ல, ஆதாமின் சந்ததியில் யாருக்கும் அது தனிப்பட்ட குற்றத்தின் தன்மை உடையதல்ல. சீர்திருத்தக் காலத்திலேயே சூரிக் நகரின் ஸ்விங்லி 1526இல், அது நோய், குற்றம் அல்ல என்று எழுதினார். ஆகவே மூன்றாவது பொருளை மறுப்பவர் தனியாள் அல்ல.

இப்போது நீதிமானாக்கப்படுதல். இங்கே உங்கள் சந்தேகத்தோடு நான் பாதி தூரம்தான் வர முடியும். அந்தச் சொல் நீதிமன்றச் சொல்தான். எபிரேயத்தில் 'ஹிட்ஸ்தீக்' என்பதை உபாகமம் 25:1 நியாயாதிபதிகளுக்குப் பயன்படுத்துகிறது. தமிழ் வேதாகமம் அங்கே நீதிமானை நீதிமான் என்று தீர்க்க வேண்டும் என்று மொழிபெயர்க்கிறது. லூக்கா 7:29இல் ஜனங்கள் தேவனை 'நீதிமானாக்கினார்கள்' என்று கிரேக்கத்தில் இருக்கிறது. தேவனை யாரும் நீதியுள்ளவராக மாற்ற முடியாது என்பதால், நம் மொழிபெயர்ப்பாளர்கள் "நீதிபரர் என்று அறிக்கையிட்டார்கள்" என்று போட்டார்கள். ஆனால் ரோமர் 5:1 வந்ததும் "நீதிமான்களாக்கப்பட்டிருக்கிறபடியால்" என்று எழுதினார்கள். ஒரே கிரேக்க வினை, ஓரிடத்தில் அறிவித்தல், ஓரிடத்தில் ஆக்குதல். லத்தீனின் 'யூஸ்டிஃபிகாரே'யும் ஆக்குதல்தான். அகுஸ்தீன் அதைச் சொல்லிலேயே பிரித்துக் காட்டுவார். தமிழ்ச் சபைகளில் ஒரு விந்தை இதனால் நடக்கிறது: பிரசங்கத்தில் "அறிவிக்கப்படுகிறோம்" என்கிறார்கள், கையில் இருக்கும் புத்தகம் "ஆக்கப்படுகிறோம்" என்கிறது. கத்தோலிக்கரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு "கடவுளுக்கு ஏற்புடையவர்" என்று போட்டு, இரண்டுக்கும் நடுவே உறவின் சொல்லைப் பிடித்திருக்கிறது. அது எனக்குப் பிடித்த தேர்வு.

தீர்ப்பு என்பது சரி. தீர்ப்பு பொய்யாக இருக்கலாமா என்பதுதான் கேள்வி. நீதிமொழிகள் 17:15, துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது. ரோமர் 4:5, பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில் விசுவாசம் வைக்கச் சொல்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த யாரும் அதிராமல் இருக்க முடியாது. இந்த அதிர்ச்சிக்குக் கொடுக்கப்பட்ட விளக்கம்தான் கணக்கு மாற்றம்: நம் பாவம் கிறிஸ்துவின் கணக்குக்குப் போனது, அவருடைய கீழ்ப்படிதல் நம் கணக்குக்கு வந்தது, ஆகவே தீர்ப்பு பொய் அல்ல.

ரோமர் 4ஐ ஒரு பென்சிலோடு படித்துப் பாருங்கள். 'எண்ணுதல்' என்ற வினை, கிரேக்கத்தில் 'லொகிஸொமாய்', அந்த ஒரே அதிகாரத்தில் 11 முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் எது எண்ணப்படுகிறது என்று ஓரத்தில் குறித்துவாருங்கள். ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக எண்ணப்படுகிறது, பாவம் எண்ணப்படாமல் போகிறது, நீதி எண்ணப்படுகிறது. "கிறிஸ்துவின் கீழ்ப்படிதல் எண்ணப்பட்டது" என்று ஓரிடத்திலும் இராது. 6 முதல் 8 வரையுள்ள வசனங்களில், நீதியாக எண்ணுவதற்குப் பவுல் கொடுக்கும் விளக்கமே சங்கீதம் 32தான்: பாவத்தை எண்ணாதிருப்பது. அதாவது மன்னிப்பு. சங்கீதம் 106:31இல் பினெகாஸ் செய்த செயல் அதே சொற்களில் அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. அங்கே வேறு யாருடைய நீதியும் இடம் மாறவில்லை. 2 கொரிந்தியர் 5:21ஐக் காட்டுவார்கள். அங்கே உள்ள சொல் "எண்ணப்படும்படிக்கு" அல்ல. நாம் "அவருக்குள் தேவனுடைய நீதியாகும்படிக்கு" என்பதே.

ஒருவர் பேரில் இன்னொருவர் கணக்கை ஏற்றுவது பவுலுக்குத் தெரியாததும் அல்ல. பிலேமோன் 18இல், ஒநேசிமு உனக்குக் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள் என்கிறார். ஆனால் அது பணம். கடனை யார் கட்டினாலும் கடன் தீரும். கொலைக்கு அண்ணனுக்குப் பதில் தம்பியைத் தூக்கில் போட்டால் நீதி தீராது. 1594இல் அச்சான தன் நூலில் ஃபவுஸ்துஸ் சொசினுஸ் இந்த வேறுபாட்டைத்தான் பிடித்து உலுக்கினார். 1793இல் தத்துவஞானி இம்மானுவேல் காந்தும் இதையே சொன்னார். சொசினுஸ் இதிலிருந்து போன முடிவுகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை, அவர் திரித்துவத்தையே மறுத்தவர். ஆனால் கடனும் குற்றமும் ஒன்றல்ல என்பதை யார் சொன்னாலும் அது உண்மைதான். ஆதாமின் குற்றம் என் கணக்கில் ஏற முடியாததும், கிறிஸ்துவின் நடத்தைச் சான்றிதழ் என் பெயருக்கு மாற்றப்பட முடியாததும் ஒரே காரணத்தால். ஒன்றை மறுத்து மற்றதை அப்படியே வைத்துக்கொள்வது கடினம். பல பேர் குழந்தைகளின் விஷயத்தில் நெஞ்சு தாங்காமல் முதலாவதை விட்டுவிட்டு, இரண்டாவதைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் பாவியை நீதிமானாக்குவது பொய் ஆகாமல் இருப்பது எப்படி? ரோமர் 6 பதில் சொல்கிறது, அதை 5இலிருந்து வெட்டிப் படிப்பதால்தான் பதில் காணாமல் போகிறது. கிறிஸ்துவோடு மரித்தோம், அவரோடு புதிதான ஜீவனில் நடக்கிறோம். தீர்ப்பு விழும் ஆள் அவரோடு ஒட்டவைக்கப்பட்ட ஆள். கொடுக்கப்படுவது அந்நியன் ஒருவனின் கணக்குப் புத்தகம் அல்ல, கிறிஸ்துவே. லூத்தரும் 1520இல் இதை மணமகன், மணமகள் உவமையால்தான் சொன்னார்: கல்யாணம் ஆனபின் அவன் உடைமை அவளுடையது, அவள் கடன் அவனுடையது. கால்வினும், கிறிஸ்து நமக்கு வெளியே இருக்கும்வரை அவர் செய்த எதுவும் நமக்குப் பயன்படாது என்ற நிலையில் உறுதியாக நின்றவர். இவர்களைப் பின்பற்றுவதாகச் சொல்லும் சின்னக் கைப்பிரதிகளில்தான் கல்யாணம் காணாமல் போய்க் கணக்கேடு மட்டும் மிஞ்சுகிறது.

இதில் நடக்கும் சேதமும் கணக்கேட்டிலிருந்தே வருகிறது. தீர்ப்பு எழுதியாயிற்று, வாழ்க்கை எப்படி இருந்தாலும் கணக்கு மாறாது என்று ஒருவன் நினைக்கும்போது, யாக்கோபு 2:24 அவனுக்கு இடைஞ்சலாகிறது: மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான். புதிய ஏற்பாட்டில் "விசுவாசம் மாத்திரம்" என்ற தொடர் வரும் ஒரே இடம் அதுதான், அதுவும் மறுப்போடு. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, கிருபையினால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அதே கிருபை உள்ளத்தைப் புதுப்பித்து நற்கிரியைகளுக்கு அழைக்கிறது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது. எல்லாத் தகராறும் அதோடு தீரவில்லை. ஆனால் அறிவித்தலையும் ஆக்குதலையும் எதிரெதிரே நிறுத்திய பழைய வேலி அங்கே தாழ்ந்தது.

"அப்படியென்றால் நீ பெலாகியன்" என்று யாராவது உங்களைச் சொல்லக்கூடும். பெலாகியுஸ் தரப்பின் உண்மையான தவறு, கிருபை இல்லாமலே மனிதன் தன் சித்தத்தால் கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்றதில் இருந்தது. சாய்வு உண்டு, மரணம் உண்டு, கிருபை இல்லாமல் ஓர் அடியும் எடுக்க முடியாது என்று ஏற்பவர் பெலாகியன் அல்ல. கிழக்குத் திருச்சபை பரம்பரைக் குற்றத்தைப் பொதுவாகப் போதிப்பதில்லை, 431இல் எபேசு சங்கத்தில் பெலாகியுஸின் சீடன் செலெஸ்தியுஸைக் கண்டித்ததிலும் அது பங்குகொண்டது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

குற்றம் இல்லையென்றால் குழந்தைக்கு ஞானஸ்நானம் எதற்கு என்பது மிஞ்சும் கேள்வி. இது ஜூலியானும் அகுஸ்தீனும் மோதிய இடம். குழந்தைகளுக்குப் பாவங்கள் இல்லாதிருந்தும் அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம் என்று கிழக்குத் திருச்சபையின் பேராயர் கிறிசோஸ்தம் பிரசங்கித்ததை ஜூலியான் எடுத்துக்காட்டினார். அவர் "பாவங்கள்" என்று பன்மையில் சொன்னது சொந்தப் பாவங்களை மட்டுமே என்று அகுஸ்தீன் பதில் சொல்லிப் பார்த்தார். ஆனால் கிறிசோஸ்தம் காரணத்தையும் அங்கேயே சொல்லியிருக்கிறார். ஞானஸ்நானத்தின் பேறு பாவமன்னிப்பு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், நாங்கள் எண்ணிப் பார்த்தால் பத்து வருகிறது என்கிறார். அந்தக் குழந்தைக்கு அவர் கேட்பவை பரிசுத்தம், நீதி, புத்திர சுவிகாரம், சுதந்தரம், கிறிஸ்துவின் அவயவமாயிருத்தல், ஆவியானவர் தங்கும் வீடாயிருத்தல்.